நடக்கிற கால் நம்முடையது

பட்டிமன்றத் தலைப்பு: வலையொலி நடத்துகிறவர் எல்லா வேலையையும் தாமே பார்ப்பது நல்லதா? ஆள் வைத்துப் பார்ப்பது நல்லதா?
இடம்: அடி அண்ணாமலை
அணி: ஆள் வைத்துப் பார்ப்பதே நல்லது

அன்புக்குரிய நடுவர் அவர்களே! பேசி முடித்துவிட்டு, "இவன் என்ன சொல்லப் போறானோ" என்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! கிரிவலம் வந்த களைப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள். "14 கிலோமீட்டர் கிரிவலம் வர்றீங்களே, உங்களுக்குப் பதிலா ஆள் வச்சு நடக்கச் சொல்வீங்களா? அப்புறம் வலையொலிக்கு மட்டும் எதுக்கு ஆள்?" என்று கேட்டார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நல்ல கேள்வி இல்லையா!

அம்மா, நடக்கிறதுக்கு ஆள் வைக்க முடியாது. நடக்கிற கால் நம்ம கால்தான். ஆனா, செருப்பைப் பார்த்துக்கறதுக்கு ஆள் இருக்கா இல்லையா? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டே 14 கிலோமீட்டர் நடந்தவனுக்கு மலை கண்ணில் படாதுங்க. செருப்புதான் கண்ணில் படும். என் கட்சி அவ்வளவுதான். பேசுகிற வாய் நம்முடையது. மற்ற சுமையைத் தூக்க ஒரு ஆள் இருக்கட்டும்.

இங்கே வந்திருக்கிற பாட்டிமார் சிலர், "வலையொலின்னா என்னப்பா?" என்று கேட்பது காதில் விழுகிறது. வானொலி தெரியும் இல்லையா? அதுவேதான். ஆனால் வானொலி அது பேசுகிற நேரத்தில் நாம் கேட்க வேண்டும். வலையொலி நாம் கேட்கிற நேரத்தில் அது பேசும். பருப்பு வேகும்போது கேட்கலாம். பாதியில் நிறுத்திவிட்டுக் குக்கரை இறக்கலாம். பாட்காஸ்ட் என்கிற பெயரை 2004-ல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையாளர் எழுதினார். ஐபாட் என்கிற பாட்டுப் பெட்டியின் பெயரையும் ஒலிபரப்பையும் ஒட்ட வைத்த பெயர் அது. அந்தப் பெட்டியைச் செய்வதை 2022-ல் கம்பெனியே நிறுத்திவிட்டது. பெட்டி போச்சு, பேரு நிக்குது. நம்ம ஊரில் ஜமீன் போன பிறகும் ஜமீன்தார்னு கூப்பிடற மாதிரி. (சிரிப்பு)

நானும் ஒரு வலையொலி நடத்துகிறேன். வாரம் ஒரு முறை, இருபது நிமிஷம், இலக்கியம். "இருபது நிமிஷப் பேச்சுக்கு ஒரு ஆளா?" என்று எதிரணித் தலைவர் கேலி செய்தார். அய்யா, கல்யாணத்தில் தாலி கட்டுகிறது எவ்வளவு நேரம்? அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்குப் பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர், ஐயர், வாடகைப் பாத்திரம்னு எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்! எல்லாத்தையும் மாப்பிள்ளையே பார்த்தால் என்ன ஆகும்? முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை அடுப்படியில் சாம்பாருக்கு உப்பு பார்த்துக்கிட்டிருப்பார். (சிரிப்பு)

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு வாரம் கணக்கு எழுதிப் பார்த்தேன். படிக்க, குறிப்பெடுக்க மூணு மணி நேரம். பேசிப் பதிவு பண்ண ஒரு மணி நேரம். அதோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் ஆரம்பம். தெருவில் போன ஆட்டோச் சத்தத்தை எடுக்கணும், தடுமாறின இடத்தை வெட்டணும், சத்தத்தைச் சீராக்கணும், தலைப்பு எழுதணும், ஏத்தணும், வந்த கடிதத்துக்குப் பதில் போடணும். இதற்கு அஞ்சு மணி நேரம்! என் நாலு மணி நேரம் தமிழுக்கு, மீதி அஞ்சு மணி நேரம் ஆட்டோவுக்கு! (சிரிப்பு)

"பழைய காலத்தில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஒருத்தராப் பேசலையா?" என்றார் இன்னொரு நண்பர். ஆமாம், பேசினார். வானொலியில் அவர் 'இன்று ஒரு தகவல்' சொல்லும்போது பல்தேய்த்துக்கொண்டே கேட்ட தலைமுறை நாங்கள். ஆனால் அந்தச் சில நிமிஷத்துக்குப் பின்னால் 1938-ல் தொடங்கிய சென்னை வானொலி நிலையமே நின்றது. பதிவு செய்ய ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், நாடாவை எடுத்து வைக்க ஒருவர். அவர் கதை சொன்னார். மற்றவர்கள் கம்பி பார்த்தார்கள். இன்றைக்கு நாம் என்ன செய்துவிட்டோம்? நிலையத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டோம். நிலையத்து ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இனி எதிரணியின் பெரிய அஸ்திரத்துக்கு வருகிறேன். "மேனேஜர் வச்சா மோசம் போவீங்க" என்று சொல்லி, மாணிக்கவாசகரையே சாட்சிக்கு அழைத்தார்கள். அதுவும் எங்கே வைத்து? திருவெம்பாவை பிறந்த இடம் என்று மரபு சொல்கிற இந்த அடி அண்ணாமலையில் வைத்து! பாண்டியன் குதிரை வாங்கப் பணம் கொடுத்தான், அமைச்சர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணி செய்துவிட்டார். கடைசியில் வந்த குதிரையும் நரியாகிப் போனது. "பார்த்தீங்களா, நிர்வாகியை நம்பினவன் கதி!" என்றார்கள்.

பாண்டியன் செய்த தப்பு என்ன? ஆள் வைத்ததா? இல்லவே இல்லை. மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுத்தான். இடையில் கணக்குக் கேட்கவில்லை. ஒரு குதிரை வாங்கி வா, பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லியிருந்தால், கஜானா தப்பித்திருக்கும். அப்படிச் சொல்லாததால் நமக்குத் திருவாசகம் கிடைத்தது, அது நம்ம பாக்கியம். (கைதட்டல்) அந்தக் கதையிலேயே இன்னொரு பக்கம் இருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? மாணிக்கவாசகர் சொல்லச் சொல்ல, தில்லையில் எழுதிக்கொண்டது யார்? அந்த ஆண்டவனே எழுதினான் என்பது மரபு. சொல்ல ஒருவர், எழுத ஒருவர். உதவிக்கு ஆள் வைப்பது இழுக்கு என்றால் அங்கேயே இழுக்கு என்று சொல்லியிருப்பார்கள்.

புராணம் வேண்டாம், கண் முன்னால் நடந்ததைச் சொல்லு என்கிறீர்களா? கிரிவலப் பாதையிலேயே, நீங்கள் தாண்டி வந்த ரமணாசிரமம் இருக்கிறது. ரமணர் 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்தார். நாளாக ஆக ஆசிரமம் வளர்ந்தது. சாப்பாடு, கட்டடம், கடிதம், பணம், புத்தகம். இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? அவருடைய தம்பி நிரஞ்சனானந்தர். சர்வாதிகாரி என்று அவருக்குப் பெயர். ஹிட்லரை நினைக்காதீர்கள். எல்லாப் பொறுப்பும் உடையவர் என்று பொருள். (சிரிப்பு) 1935 முதல் 1939 வரை ரமணரோடு நடந்த உரையாடல்களை முனகால வெங்கடராமையா என்கிற அன்பர் குறித்து வைத்தார். இன்றைக்கும் புத்தகமாகப் படிக்கிறோம். பேசியவர் ஒருவர், குறித்தவர் ஒருவர், கணக்குப் பார்த்தவர் ஒருவர்.

இதில் இரண்டு நுட்பம் இருக்கிறது, கவனிக்கணும். ஒன்று, ஆசிரமப் புத்தகங்கள் அச்சாகும்போது மெய்ப்பு வந்தால், ரமணரே உட்கார்ந்து திருத்துவார். ரசீது எழுதுவது தம்பி வேலை. ஆனால் சொல்லில் பிழை வரக் கூடாது, அது தன் வேலை! இரண்டு, நிர்வாகத்தை வாய்ப்பேச்சில் விடவில்லை. 1938-ல் உயிலாகவே எழுதி வைத்தார்கள். அண்ணன் தம்பிக்குள்ளேயே காகிதம் வேண்டியிருந்தது என்றால், நமக்கும் நேற்று அறிமுகமான தம்பிக்கும் நடுவில் காகிதம் வேண்டாமா? (கைதட்டல்)

எதிரணியிலும் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டைப் பற்றி வலையொலியில் பேசினார். உதவிக்கு ஒரு இளைஞர். நல்ல பையன்தான். "சார், நான் பார்த்துக்கறேன்" என்று தன் மின்னஞ்சலிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டான். அப்புறம் வெளியூரில் வேலை கிடைத்துப் போனான், நம்பரும் மாறிப் போச்சு. சார் தன் நிகழ்ச்சியைத் திறக்கப் பார்த்தால், உரிமையைச் சரிபார்க்கிற எண் அந்தப் பையனுடைய மின்னஞ்சலுக்குத்தான் போகிறது! கல்லில் எழுதினதை ஆயிரம் வருஷம் கழித்துப் படிக்கிற மனுஷன், போன வருஷம் தான் பேசினதைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லைங்க. அழுதார்.

அது யார் தப்பு? பையன் திருடவில்லை. சார் டோக்கன் வாங்காமல் செருப்பை விட்டுவிட்டார்.

அதனால் ஆள் வையுங்கள் என்று சொல்கிற நானே, எப்படி வைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு பத்து நிகழ்ச்சியாவது நீங்களே எல்லா வேலையும் செய்யுங்கள். சமைக்கத் தெரிந்த வீட்டில்தான் சமையல்காரர் பயந்து வேலை செய்வார். கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். அவருக்கு உள்ளே வந்து வேலை செய்கிற அனுமதியை மட்டும் கொடுங்கள். பேசிப் பதிவு செய்த மூலப் பிரதி ஒன்று உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். என்ன வேலை, என்ன கூலி, எப்போது முடிப்பது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மூணு மாசம் பாருங்கள், பிறகு நீட்டியுங்கள். வெளியே போவதற்கு முன்னால் ஒரு தடவை நீங்கள் கேட்டுவிடுங்கள். அதுதான் உங்கள் மெய்ப்பு. வள்ளுவர் 51-வது அதிகாரம் தெரிந்துதெளிதல், 52-வது அதிகாரம் தெரிந்துவினையாடல் என்று வைத்தார். முதலில் ஆளை ஆராய்ந்து நம்பு, அப்புறம் வேலையைக் கொடு. வரிசையை மாற்றினவர்கள்தான் எதிரணியில் உட்கார்ந்து புலம்புகிறார்கள். (சிரிப்பு)

"காசுக்கு எங்கே போவது? வலையொலியில் வருமானமே இல்லையே!" என்றார்கள். உண்மைதான். எனக்கும் அதிலிருந்து காப்பிச் செலவுக்குக்கூட வரவில்லை. மேனேஜர் என்று பெயர் வைத்து மாசச் சம்பளம் போட வேண்டாம். வெட்டி ஒட்டுகிற வேலைக்கு மட்டும், ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். அதுவும் முடியவில்லையா? வாரம் ஒன்று என்பதை மாசம் இரண்டாக்குங்கள். பாதிச் செலவு குறையும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆள் வைக்கவில்லை, எல்லாம் நானே பார்க்கிறேன் என்று மார்தட்டுகிறீர்களே, நிஜமாகவே நீங்கள்தான் பார்க்கிறீர்களா? இங்கேதான் நான் என் குற்றத்தை ஒப்புக்கொள்ளணும்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அஞ்சு மணி நேரம் இருக்கிறதே, அதை நான் செய்யவில்லை. என் மகள் செய்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். ஒரு நாள் ராத்திரி 12 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவள் அறையில் விளக்கு எரிகிறது. காதில் ஹெட்போன். "என்னம்மா, இந்த நேரத்தில் பாட்டா?" என்று கேட்டேன். "இல்லப்பா, உங்க இருமலை வெட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள். (பலத்த சிரிப்பு)

நானும் உங்களைப் போலத்தான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் அவள் அம்மா சொன்னாள்: "இன்னிக்கு அவளுக்குப் பரீட்சை."

(அமைதி)

அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லைங்க. அப்பா பேச்சு வியாழக்கிழமை வரணும், ஊரெல்லாம் காத்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள். ஊரில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பெண் கல்வியைப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிற பேராசிரியர், தன் பெண்ணின் படிப்பு நேரத்தில் தன் இருமலை வெட்ட வைத்திருக்கிறேன். ஆள் வைக்காத வீட்டில் ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். சம்பளம் இல்லாத ஆள் இருக்கிறது. அது மனைவியாக இருக்கும், மகளாக இருக்கும், தங்கையாக இருக்கும். (நீண்ட கைதட்டல்)

அந்த வாரமே ஒரு தம்பியைத் தேடிப் பிடித்தேன். தாளில் எழுதினோம். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கூலி. நிகழ்ச்சி முடியும்போது அவர் பெயரைச் சொல்கிறேன். இந்த ஊரில் கார்த்திகை தீபத்தை லட்சக்கணக்கான பேர் கும்பிடுகிறோம். மலை உச்சிக்குப் போய் அதை ஏற்றுகிற உரிமை பருவதராஜ குலத்தாருக்கு என்று ஊரே சொல்லி வைத்திருக்கிறது. வெளிச்சத்துக்குப் பின்னால் நின்றவரைச் சொல்வது இந்த மண்ணின் மரியாதை.

இரண்டு மாசம் கழித்து ஒரு நாள் என் மகள் வந்தாள். "அப்பா, போன வாரம் நீங்க பேசினதைப் பஸ்ஸில் கேட்டேன். நல்லா இருந்ததுப்பா" என்றாள். "ஏம்மா, இத்தனை நாளா நீதானே கேட்டுக்கிட்டிருந்தே?" என்றேன். அவள் சொன்னாள்: "அப்பல்லாம் எங்கே இருமறீங்கன்னுதான் கேட்டேன். இப்பத்தான் என்ன பேசறீங்கன்னு கேட்டேன்."

நடுவர் அவர்களே! நடக்கிற கால் நம்முடையதாகவே இருக்கட்டும். செருப்பை டோக்கன் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவோம், கூலியைக் கையில் கொடுத்து. வீட்டுப் பிள்ளையின் தலையில் மட்டும் வைக்க வேண்டாம். ஆள் வைத்துப் பார்ப்பதே நல்லது என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)