வாழைத்தண்டு சூப்பும் வாழவந்த மக்களும்

(பட்டிமன்றத் தலைப்பு: அயல்நாட்டு உணவு நம் வாழ்வை வளப்படுத்துகிறதா? வழிகெடுக்கிறதா? ‘வளப்படுத்துகிறது’ அணியின் மூன்றாவது பேச்சு)



எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “இடியாப்பம் இருக்க நூடுல்ஸ் எதுக்கு? ரசம் இருக்க சூப் எதுக்கு?” நல்லா கைதட்டல் வாங்கிட்டார். அண்ணே, நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த ரசத்திலே மிளகாய் கிள்ளிப் போடறீங்களே, தக்காளி கரைச்சு ஊத்தறீங்களே, ரெண்டுக்கும் சொந்த ஊர் எது? அமெரிக்கக் கண்டம்! கப்பலேறி வந்து நம்ம அடுப்படியிலே குடியேறினதுங்க. ரேஷன் கார்டு கேட்டோமா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, வியட்நாமிலே ஒரு நூடுல்ஸ் சூப் உண்டு. பேரு ‘ஃபோ’. பேருதான் ஃபோ, பசிச்சவனை ‘வா’ன்னு கூப்பிடும்! (கைதட்டல்) எலும்பை மணிக்கணக்கிலே கொதிக்கவிட்டு, பட்டையும் அன்னாசிப்பூவும் போடுவாங்க. நம்ம பிரியாணிக்குப் போடற அதே பட்டை, அதே அன்னாசிப்பூ. அரிசி மாவைத் தாள் மாதிரி ஆவியிலே வேகவச்சு, நாடாவா நறுக்கி, அதுமேலே அந்தச் சூப்பை ஊத்துவாங்க. வடக்கு வியட்நாமிலே பிறந்த சாப்பாடு அது. 1954-இல் நாடு ரெண்டாச்சு. லட்சக்கணக்கான பேர் தெற்கே போனாங்க. ஃபோவும் கூடவே போச்சு. 1975-இல் போர் முடிஞ்சது. படகேறி உலகமெல்லாம் சிதறினாங்க. போன ஊரிலெல்லாம் சின்னதா ஒரு சூப் கடை. வீடு வாசலை விட்டுட்டு வந்தவனுக்கு, கையிலே இருந்த முதல் அந்தக் கைப்பக்குவம் ஒண்ணுதான்.

“அது வியட்நாம்காரன் கதை, நமக்கென்னம்மா?” என்பீர்கள். நம்ம கதையும் அதுதான் அய்யா!

நான் தினமும் சேலையூர் வழியாத் தாம்பரம் வந்து, பீச் ரயிலைப் பிடிக்கிறவள். 1931-இலிருந்து ஓடுகிற தடம் அது. கடைசி ஸ்டேஷன் பீச். இறங்கி ரோட்டைத் தாண்டினால் பர்மா பஜார். அதுக்குப் பின்னாடி செகண்ட் லைன் பீச்சிலே தள்ளுவண்டிகள். அங்கே விற்கிறதுதான் அத்தோ! ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்திலே போட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு வறுத்த எண்ணெய், நொறுக்கின பேஜோ எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்திலே ஆவி பறக்க வாழைத்தண்டு சூப். அந்தச் சூப்பிலேயே நூடுல்ஸைப் போட்டால் மொய்ங்கா. பர்மாவிலே மொய்ங்காவுக்கு மீன்தான் உயிர். இங்கே வந்து, சைவக்காரனும் குடிக்கட்டும் என்று மீன் இல்லாமலும் செய்கிறார்கள். வந்தவன் நம்மைக் கெடுத்தானா, நமக்காக மாறினானா? நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்!

இந்த வண்டி எப்படி இங்கே வந்தது? 1937 வரைக்கும் பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். நம்ம ஆட்கள் நெல் வயலுக்கும் துறைமுகத்துக்கும் கடைகண்ணிக்கும் போனார்கள். 1942-இல் ஜப்பான்காரன் படையெடுத்தபோது லட்சக்கணக்கானவர்கள் காடு மலை கடந்து நடந்தே வந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே செத்தார்கள். 1962-இல் நே வின் ராணுவ ஆட்சி. 1964-இல் கடைகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டது. 50, 100 சாட் நோட்டு செல்லாது என்றது. ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். சேர்த்த பணத்தையும் நகையையும் விருப்பம்போல் எடுத்துவர முடியவில்லை. நாக்கிலே இருந்த ருசிக்கு எந்தக் கஸ்டம்ஸ் அதிகாரி பூட்டுப் போட முடியும்? (கைதட்டல்)

வியாசர்பாடியிலே பி.வி. காலனி இருக்கிறது. பி என்றால் பர்மா, வி என்றால் வியட்நாம்! ரெண்டு ஊரிலிருந்தும் திரும்பிய தமிழர்கள் ஒரே காலனியில் குடியேறினார்கள். சைகோனிலே தமிழர்கள் கட்டின மாரியம்மன் கோயில் இன்றைக்கும் இருக்கிறது. வியட்நாம்காரர்கள் வந்து கும்பிடுகிறார்கள். நம்ம ஆத்தாவை அவன் ஏற்றுக்கொண்டான். அவன் சூப்பை நாம் ஏற்றுக்கொண்டால் கௌரவம் குறைந்துவிடுமா?

இப்போ அத்தோ வண்டி எங்க தாம்பரம் பக்கமும் வந்துவிட்டது. அதிலே நிற்கிற ஓர் அக்காவிடம் கேட்டேன். “அக்கா, உங்களுக்கு எந்த ஊரு?” அவர் சொன்னார்: “எங்கப்பாவை அங்கே ‘கலா’ன்னாங்கம்மா, இந்தியாக்காரன்னு அர்த்தம். சின்னப் பிள்ளையாக் கப்பல்லே வந்து இறங்கினார். இங்கே ‘பர்மாக்காரன்’னாங்க. நான் தாம்பரத்திலே பிறந்தவ. என்னையும் ‘பர்மாக்கார அக்கா’ன்னுதானே நீங்க கூப்பிடறீங்க?” (அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, இந்த வழக்கிலே நாக்கைவிடப் பெரிய விஷயம் இதுதான். ‘இந்தச் சாப்பாடு நம்முடையது இல்லை’ என்று தள்ளுகிறவர்கள், அதைச் சமைக்கிற கையையும் சேர்த்துத்தான் தள்ளுகிறார்கள். அந்தக் கை நம்ம கை!

எதிரணிச் சகோதரி சுத்தத்தைப் பற்றிச் சொன்னார். சரிதான். கையைக் கழுவு, நல்ல தண்ணீர் வை, கலர்ப்பொடியைக் குறை என்று நானும் சொல்வேன். இந்த விதியெல்லாம் நம்ம ஊர் பஜ்ஜிக் கடைக்கும் உண்டே! 2014-ஆம் ஆண்டுச் சட்டமே தெருவோர வியாபாரியின் பிழைப்பைக் காத்து, முறைப்படுத்தச் சொல்கிறது. திருத்துவது வேறு, துரத்துவது வேறு.

இன்னொன்று. ஏ.சி. ஓட்டலிலே தள்ளித் தள்ளி மேஜை. இந்த வண்டியிலே தோளோடு தோள் இடிக்கும். ஒருபக்கம் மூட்டை தூக்குகிறவர், ஒருபக்கம் கல்லூரிப் பெண், நடுவிலே தாம்பரம் ரயிலுக்கு நேரமாகிவிட்ட நான். “கொஞ்சம் சூப்பு” என்று கிண்ணத்தை நீட்டினால், மூன்று பேருக்கும் ஒரே கரண்டி.

எனவே, துரத்தப்பட்டவர்கள் தூக்கி வந்த சுவை நம் வாழ்வை வளப்படுத்துகிறது, வளப்படுத்துகிறது என்றே தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, எதிரணி நண்பர்களை இறங்கியதும் ஆளுக்கொரு அத்தோ சாப்பிட அழைத்து (சிரிப்பு), அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)