கிணற்று நீரும் விஞ்ஞானப் பேச்சும்

(கனமூலையில் கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



காலநிலை மாறுகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கின்றனர். அதை நாம் ஏன் நம்பவேண்டும்? இன்று பேசுமாறு நமக்கு இடப்பட்ட பொருள் இதுவே. இக்கேள்வியைக் கேட்கும் உரிமை இலங்கையில் எவருக்கேனும் உண்டெனில், அது இந்தப் புத்தளத்துக் கரையோர மக்களுக்கு உண்டு. விஞ்ஞானத்தின் பெயரால் இந்நாட்டில் இழைக்கப்பட்ட அநீதியை நேரிற் கண்டவர்கள் நீங்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

2020 ஆம் ஆண்டு ஏப்பிரல் 11 ஆம் நாள் வர்த்தமானியில் ஓர் ஆணை வெளிவந்தது. கொரோனா நோயால் இறந்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்படல் வேண்டும் என்றது அவ்வாணை. புதைத்தால் கிருமி நிலத்தடி நீரிற் கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டுக்கும் தடையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே வழிகாட்டியிருந்தது. உலகெங்கும் புதைத்தார்கள். எந்த நாட்டுக் கிணறும் அதனாற் கெடவில்லை. ஆயினும் இங்கே நிபுணர் குழு என்ற பெயரைச் சுட்டிக்காட்டிச் சுட்டிக்காட்டியே உடல்களை எரித்தார்கள். இருபது நாட் பச்சிளங் குழந்தையொன்றையும் 2020 டிசம்பரில் எரித்தார்கள். பொரளை மயானத்து வாயிலில் மக்கள் வெண்துணி கட்டி அழுத காட்சியை நாடு மறந்துவிடவில்லை. 2021 பெப்ரவரி 25 ஆம் நாள் ஆணை மாற்றப்பட்டது. ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடங்கிடைத்தது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புங் கேட்டது. எரித்த சாம்பலுக்கு மன்னிப்பு!

அடுத்த அடி கமக்காரர் தலையில் விழுந்தது. 2021 ஆம் ஆண்டு மே மாதம் செயற்கைப் பசளை இறக்குமதி ஒரே ஆணையால் நிறுத்தப்பட்டது. மண்ணையும் பயிரையும் ஆராய்ந்தோர், "படிப்படியாகச் செய்யுங்கள், இல்லையேல் விளைச்சல் விழும்" என்று எச்சரித்தார்கள். கேட்டாரா? அவ்வாண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த காலநிலை மாநாட்டில் நம் சனாதிபதி இதனைச் சாதனையாக எடுத்துரைத்தார். அதே மாதம் முடிவதற்குள் தடையைத் தளர்த்தவேண்டி வந்தது. தொடர்ந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு சரிந்தது.

இவ்விரண்டையும் கண்ட ஒருவன், "சுற்றாடல் என்பான், நிலத்தடி நீர் என்பான், காலநிலை என்பான், இவர்கள் பேச்சே நமக்கு வேண்டாம்" என்று கையை உதறினால், அவனை அறிவிலி என்று ஏசுவதற்கு நமக்கு நாவெழவில்லை. நகரத்து மேடைகளில் அப்படி ஏசுகின்றார்கள். அது கற்றவர் செருக்கு. ஆனால், அன்பர்களே, இந்த இரண்டு கதைகளையும் மீண்டும் ஒருமுறை உற்றுநோக்குங்கள். இரண்டிலும் அளந்து பார்த்தவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். ஆணையிட்டவர்கள் மறுபக்கம் நின்றார்கள். விஞ்ஞானம் உங்களுக்குத் துரோகம் செய்யவில்லை. விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு அதிகாரம் வந்தது.

சட்டையை எப்படி இனங்காண்பது? இதற்குப் பல்கலைக்கழகம் போகவேண்டியதில்லை. உப்பளத்துக்குப் போனாற் போதும். பாத்தியில் உப்பு எப்போது படியும் என்பதை எந்தப் பெரிய மனிதரின் வாக்கும் தீர்மானிப்பதில்லை. நீரில் மிதக்கும் அளவுகோல் போமே பாகையில் 25 ஐ அண்டவேண்டும். முதலாளி போட்டாலும் 25, கூலியாள் போட்டாலும் 25. இதுதான் விஞ்ஞானம். எவர் அளந்தாலும் ஒன்றாய் வருவதும், வராவிட்டால் சொன்னவர் தம் சொல்லை மீட்டுக்கொள்வதுமே அதன் இலக்கணம். நிலத்தடி நீர் கெடும் என்றவர்கள் எந்தக் கிணற்றை அளந்தார்கள்? எந்தக் கணக்கை நாட்டின் முன் வைத்தார்கள்?

இனிக் காலநிலைக் கணக்கை அதே கோலால் அளப்போம்.

கரியமிலவாயு, அதாவது நம் பிள்ளைகள் பாடசாலையில் காபனீரொட்சைட்டு என்று படிப்பது, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. 1856 இல் யூனிசு ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, இவ்வாயு நிறைந்த குழாய் மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். 1859 இல் டிண்டல் ஆய்வுகூடத்தில் இவ்வியல்பை அளந்தார். 1896 இல் சுவீடன் நாட்டு அரீனியசு, இவ்வாயு பெருகினால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று கையாலேயே கணக்கிட்டார். அன்று எந்த மாநாடும் இல்லை. எந்த நிதியும் இல்லை. 1958 முதல் அவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் என்பார் இவ்வாயுவை இடைவிடாது அளக்கத் தொடங்கினார். அப்போது மில்லியனுக்கு 315 பங்கு. 2024 இல் அது 420 ஐயும் தாண்டிவிட்டது. தென்துருவப் பனிக்குள் அகப்பட்ட பழங்காற்றுக் குமிழிகளைப் பார்த்தால், எட்டு இலட்சம் ஆண்டுகளில் தொழிற்புரட்சிக்கு முன் அது 300 ஐ எட்டியதே இல்லை.

"சூரியனே சூடேறியிருக்கலாமே?" என்பார் உளர். நல்ல கேள்வி. சூரியன் காரணமாயின் வளிமண்டலம் மேலும் கீழும் ஒருங்கே சூடேறவேண்டும். இவ்வாயு காரணமாயின் கீழ்வளி சூடேற, மேலடுக்கு குளிரவேண்டும். கீழ் அடுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க, மேலடுக்கிலுள்ள அதே வாயு தன் வெப்பத்தை விண்வெளிக்கு வீசிவிடும். மனாபே என்ற சப்பானியர் 1967 இலேயே இதனைக் கணித்துச் சொன்னார். பின்னர் அளந்தபோது மேலடுக்குக் குளிர்ந்தே இருந்தது! அவருக்கு 2021 இல் நோபெல் பரிசு வழங்கினார்கள்.

நம்மவர் ஒருவர் பெயரையுஞ் சொல்லவேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்ற வீரபத்திரன் இராமநாதன், முதலில் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிலில் வேலை பார்த்தவர். அப்பெட்டிகளில் அடைக்கப்படும் வாயுவின் ஓர் அணுத்திரள், கரியமிலவாயுவின் பதினாயிரம் அணுத்திரளுக்கும் மேலான வெப்ப விளைவு உடையது என்று 1975 இல் அவரே கண்டுபிடித்தார். 1980 இல் இன்னொருவருடன் சேர்ந்து, 2000 ஆம் ஆண்டளவில் உலகச் சூடேற்றம் ஐயமறத் தெரியவரும் என்றார். சொன்ன சொல் தவறவில்லை.

அப்படியானால் மறுப்பு எங்கிருந்து வந்தது? கமக்காரனிடமிருந்து வரவில்லை, எண்ணெய் வணிகரிடமிருந்து வந்தது. எக்சான் என்னும் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகளே 1977 முதல் தம் மேலாளருக்கு இந்த ஆபத்தை எடுத்துரைத்தனர். அவர்கள் அன்று கீறிய கணிப்புக் கோடுகள் பெரிதும் சரியாயின என்பதை 2023 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. உள்ளே கணக்குச் சரியாக இருக்க, வெளியே "இன்னும் தெளிவில்லை" என்று விளம்பரஞ் செய்தார்கள். எண்ணெய், நிலக்கரி, வாகன முதலாளிகள் சேர்ந்து 1989 முதல் 2002 வரை இதற்கெனவே ஒரு கூட்டமைப்பையும் நடத்தினார்கள். வித்தை புதிதன்று. ஐயமே தாங்கள் விற்கும் சரக்கு என்று 1969 இல் புகையிலை நிறுவனமொன்றின் உட்குறிப்பு வெளிப்படையாகவே எழுதிவைத்தது. ஐயத்திலும் இருவகை உண்டு போலும்: அறிய விரும்பி எழுவது ஒன்று, அறியவிடாமல் விற்கப்படுவது மற்றொன்று.

நம் ஊர் மறுப்பு வேறு வகை. "முன்பும் வறட்சி இருந்ததே" என்பது ஒன்று. இருந்தது; மறுப்பார் இல்லை. எத்தனை ஆண்டுக்கொருமுறை வந்தது, இப்போது எத்தனை ஆண்டுக்கொருமுறை வருகிறது என்பதே கேள்வி. அதற்கு நினைவு போதாது, ஏடு வேண்டும். தென்னையைப் பாருங்கள். பாளை விரிந்து காய் முற்றப் பதினொரு பன்னிரண்டு மாதம் செல்லும். இவ்வாண்டுக் கோடையிற் கருகிய பூவின் நட்டம் அடுத்த ஆண்டுத் தேங்காய்க் கணக்கில்தான் தெரியும். அப்போது மழை நன்றாய்ப் பெய்துகொண்டிருக்கும்; "மழைக்கென்ன குறை?" என்று நாம் வேறெதையோ குறைசொல்வோம்.

"எல்லாம் இறைவன் நாட்டம்" என்பது மற்றொன்று. நம்பிக்கையோடு வாதாட நாம் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் பணித்ததாக நீங்களே பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றீர்கள். அதற்கு மேல் நாம் சொல்ல என்ன உண்டு?

இனி இக்கரையின் கிணறுகளுக்கு வருவோம். மணற்றரையில் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் எண்ணெய்போல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போயிற்று! 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. ஆனால் கிணறு உப்பாவதற்கெல்லாம் காலநிலையே காரணம் என்று கூவுவதும் பொய்தான். இராப்பகலாய் இறைக்கும் பம்பி, கண்டற்காட்டை வெட்டித் தோண்டிய இறாற் குளம், இவை முதற் குற்றவாளிகளாய் இருக்கலாம். எது எவ்வளவு என்பதை அளந்தே அறியவேண்டும். நிலத்தடி நீருக்காக அன்று உருகிய உத்தமர்கள், இந்தக் கிணறுகளுக்காக ஒருநாளேனும் வாய்திறந்தார்களா?

இதில் நம் உரிமையும் அடங்கியிருக்கிறது. உலகம் வெளியிடும் கரிப்புகையில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையம் உண்டு. 2011 இல் முதற்பகுதியும் 2014 இல் முழுவதும் இயங்கத் தொடங்கியது. அதன் சாம்பலும் தூசியும் இம்மாவட்டத்துக்கு, மின்சாரம் நாடு முழுவதற்கும். அதனையுஞ் சேர்த்தே சொல்கிறோம். நம் பங்கு அற்பம். பிறர் எரித்ததற்கு நாம் வருந்துகிறோம். அந்த நட்டத்துக்கு ஈடு தர ஒரு நிதி அமைப்பதென 2022 இல் எகிப்து மாநாட்டில் உலக நாடுகள் ஒப்பின. அடுத்த ஆண்டு டுபாயில் அதற்கு உருவந் தந்தன. காலநிலை மாறவில்லை என்று நாமே சொன்னால், ஈடு கேட்கும் வாயை நாமே அடைத்தவர்களாவோம். கேட்டுப் பெற்றாலும், புத்தளத்துக் கிணறு எந்த ஆண்டில் எவ்வளவு உப்பாயிற்று என்ற ஏடு இல்லையேல் அந்தப் பணம் இங்கு வராது, கொழும்பிலேயே கரைந்துவிடும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒரு புயலைக் காட்டி "இது முழுவதும் காலநிலை மாற்றமே" என்று எந்த விஞ்ஞானியும் சொல்லார். ஆனால் காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கும், தாங்கியதைப் பொழிந்துவிடும். அப்புயலின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய காலத்திற் கிடைக்கவில்லை என்ற முறையீடு எழுந்தது. 1987 இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியல் யாப்பில் எழுதினார்கள். வெள்ளம் வரும் செய்தி அம்மொழியில் வெள்ளத்துக்குப் பின் வருமாயின், அந்த ஏட்டை எங்கே வைப்பது?

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்போம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைக்கணக்கும் பருவ முன்னறிவிப்பும், லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரைகளும், சிங்களத்தில் வெளிவரும் அதே நாளில் தமிழிலும் வெளிவரல் வேண்டும். இதனைப் பாராளுமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்திலேயே மறுமொழி பெறுங்கள்.

ஆனால் திணைக்களம் வரும்வரை நாம் காத்திருப்பதா? இவ்வூர்ப் பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி நடலாம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு ஒரு மாணவன் பார்த்து எழுதலாம். விடுமுறையிலும் எழுதவேண்டும், மழைக்கு விடுமுறை கிடையாது. கிணற்று நீரின் உப்பை அளக்க மின்கடத்துதிறன் காட்டும் சிறு கருவியொன்று கைக்கடக்கமாய்க் கிடைக்கிறது. ஊரின் நான்கு மூலையிலும் நான்கு கிணறுகளைத் தெரிந்து, மாதம் ஒருமுறை ஒரே நாளில் அளந்து எழுதுங்கள். கமக்காரர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் இருவருமே கையொப்பமிடட்டும். கொப்பியின் ஒரு படி பள்ளிவாயிலிலும், ஒரு படி கமநல சேவை நிலையத்திலும் இருக்கட்டும். பெரும்போக மழை ஐப்பசியிற் பிடிக்கும். புரட்டாதி முடிவதற்குள் மானியை நட்டுவிடுங்கள்.