தராசு முள்ளைப் பார்க்கும் உரிமை

நான் சிறுவனாக இருந்த காலத்தில் என் தந்தையார் எங்கள் ஊர் மளிகைக் கடையின் படியேறியதில்லை. தெருவில் நின்று திண்ணை ஓரத்தில் பணத்தை வைப்பார். பொட்டலம் அவர் கைக்கு வீசப்படும். தராசு உள்ளே இருந்தது; அவர் வெளியே நின்றார். எடை சரியா, விலை சரியா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. தீண்டாமை நம் மானத்தோடு நம் அரிசியையும் பருப்பையும் குறைத்தது என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன்.

அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை. நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் எல்லாருக்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளுள் நுழையும் உரிமையை உறுதி செய்தது. தீண்டாமை காரணமாகப் பொருள் விற்க மறுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.

கடைக்குள் நுழைந்துவிட்டோம், கேட்கத் துணிந்தோமா?

1986இல் பிறந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில், 2019இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை ஆகியவற்றை அறிவது நம் உரிமை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கடையானாலும், உறையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசும் கேட்கலாகாது. பற்றுச்சீட்டுத் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்கிறது புதிய சட்டம்.

பொருளில் பழுதிருந்தால், சேவையில் குறையிருந்தால், இரண்டாண்டுக்குள் செங்கற்பட்டிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். வெளியூரில் வாங்கிய பொருளாயினும், நாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கொடுத்த விலை 5 இலட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. நம் வழக்கை நாமே எடுத்துரைக்கலாம். ஆனால் கையில் சான்று வேண்டும். ஆதலின் பற்றுச்சீட்டைப் பேணி வையுங்கள்.

இளைஞர்களே! எழுத்தறியாத தாய் கடைக்குச் செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். தராசு முள்ளைப் பாருங்கள். உறையில் உள்ளதைப் படித்துச் சொல்லுங்கள். என் தந்தையார் தெருவில் நின்று கேளாத கேள்வியை, நீங்கள் கடையின் நடுவில் நின்று பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். இச்சங்கம் 25 ஆண்டுகளாக ஊட்டிய கல்விக்கு அதுவே பயன்.