மலைப்பாதை ஜீப்புக்குப் புதிய பிரேக்
(சபை ஐக்கியக் கூடுகையில் ஆஸ்பத்திரி வாகனப் பொறுப்பாளர் பேசியது)

மலைக் கிராமங்களுக்குப் போகும் நமது பழைய மஹிந்திரா ஜீப்பை இம்முறை நாங்களே பழுதுபார்த்தோம். பிரசவ வேதனையிலுள்ள தாயைக் கீழே கொண்டுவரும்போது பிரேக்தானே உயிர்! வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கசிந்து, லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தது. ஊறிய லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை, புதிதாகவே போட்டோம். பிரேக் ஆயிலையும் முழுவதும் மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் சும்மா அமுங்கிவிடும். பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றினோம். மெக்கானிக் கூலி மிச்சம். சாமான்கள் உங்கள் காணிக்கையில் வாங்கியவை. மழைக்காலத்துக்கு முன் நான்கு டயர்களும் கிளட்ச் பிளேட்டும் தேவை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.