14 நொடிக்கு ஒரு லாரி: வெர்டன் பக்கம் ஒரு கிராவல் ரைடு

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம்)

கிராவல் பைக் பத்தி எப்போ பேசினாலும் தவறாம வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "ஓட்டினதுலயே எந்த ரூட் மனசுல நிக்குது?" ஆல்ப்ஸ், பிரனீஸ்னு ஏதாவது மலைப் பேர் வரும்னு எதிர்பார்ப்பீங்க. எனக்கு நிக்கிறது மியூஸ். பிரான்ஸோட வடகிழக்குல இருக்கிற கிராமத்து மாவட்டம். கோதுமை வயல், மஞ்சளாப் பூத்துக் கிடக்கிற ரேப்சீட் வயல், மாடுங்க, ஊருக்கு ஒரு சர்ச், பல ஊர்ல டீ குடிக்கக்கூட ஒரு கடை கிடையாது. அதோட வடக்குல இருக்கிற சின்ன நகரம்தான் வெர்டன். 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் 18 வரை, கிட்டத்தட்ட 300 நாள், ஜெர்மன் படையும் பிரெஞ்சுப் படையும் இங்க மோதிக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து செத்தவங்க மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர்.

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு வரி. கிராவல் பைக்னா ரோடு பைக் மாதிரியே வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா 40 மில்லிமீட்டர் அகலத்துக்கு டயர், காத்து கம்மியா வெச்சுக்குவோம். தார் ரோடு முடிஞ்சு ஜல்லி ஆரம்பிக்கிற இடத்துல ரோடு பைக்காரர் திரும்பிடுவார், நாம உள்ள போவோம். "எங்க வேணா போலாம்"ங்கறதுதான் இந்த வண்டியோட கவர்ச்சியே. அதை ஞாபகம் வெச்சுக்கோங்க. வெர்டன் காட்டுல அந்தப் பேச்சு செல்லாது. ஏன்னு வர்றேன்.

முதல்ல ரோடு. பார்-ல-டியுக்னு ஒரு ஊர்ல இருந்து வடக்க வெர்டன் வரைக்கும் 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல ஒரு சாலை போகுது. இப்ப அதுக்கு வுவா சாக்ரேனு பேர், புனிதப் பாதைனு அர்த்தம். மொரிஸ் பாரெஸ்னு ஒரு எழுத்தாளர் வெச்ச பேர். 1916-ல அது சாதாரண மாவட்ட ரோடு, அகலம் சுமார் 7 மீட்டர். பிரச்சனை என்னன்னா, வெர்டனுக்குப் போற ரெண்டு பெரிய ரயில் பாதையில ஒண்ணை ஜெர்மன்காரங்க 1914-லயே வெட்டிட்டாங்க. இன்னொண்ணு அவங்க பீரங்கி எட்டுற தூரத்துல இருந்துச்சு. மிச்சம் இருந்தது ஒரு குட்டி நேரோ கேஜ் லைனும் இந்த ரோடும்தான். லட்சக்கணக்கான ஆளுங்களுக்குச் சோறு, குண்டு, மருந்து எல்லாம் இந்த ரெண்டு வழியாத்தான் போகணும்.

நம்ம ஊர் சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். சிஸ்டம்ல ஒரே ஒரு குறுகலான பைப், லோடு அதோட கொள்ளளவை விட ரொம்ப அதிகம். என்ன பண்ணுவீங்க? மேஜர் ஜிரார், கேப்டன் டூமாங்க்னு ரெண்டு அதிகாரிங்க அந்த ரோட்டை ரயில் பாதை மாதிரி நடத்தினாங்க. ரோட்டை 6 பகுதியாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனி பொறுப்பாளர், தனி ஒர்க்ஷாப். மோட்டார் வண்டி மட்டும்தான் ரோட்டுல. குதிரை வண்டியும் நடந்து போற படையும் பக்கத்து வயல் வழியாப் போகணும். ஒரு லாரி ரிப்பேராகி நின்னா நடு ரோட்டுல வெச்சுப் பழுது பாக்கற கதையே இல்ல, பள்ளத்துல தள்ளிவிட்டுட்டு அடுத்த லாரி போய்க்கிட்டே இருக்கும். உச்சக்கட்டத்துல 14 நொடிக்கு ஒரு லாரி, ராத்திரி பகல்னு இல்லாம. வாரத்துக்கு 90 ஆயிரம் ஆளுங்களும் 50 ஆயிரம் டன் சரக்கும் போச்சு.

இதுல என்னை உலுக்கினது லாரி இல்ல, ஜல்லி. பிப்ரவரி கடைசியில உறைபனி உருகினதும் ரோடு சேறாயிடுச்சு. அந்தக் கால லாரிக்குக் காத்தடிச்ச டயர் கிடையாது, கெட்டி ரப்பர்தான். ஒவ்வொரு சக்கரமும் ரோட்டைக் கிழிச்சுக்கிட்டே போகுது. ரோடு ரோலரைக் கொண்டு வந்து செப்பனிட, போக்குவரத்தை நிறுத்தணும். நிறுத்த முடியாது. அதனால பக்கத்துலயே சுண்ணாம்புக்கல் குவாரிகளைத் திறந்தாங்க. போர்முனைக்கு அனுப்ப வயசு தாண்டின ராணுவத்தாரும், இந்தோசைனாவுல இருந்து கூட்டிட்டு வந்த தொழிலாளிகளும் ரோட்டோரம் வரிசையா நின்னு, ஓடுற லாரிக்கு அடியில சவலால ஜல்லியை வீசிக்கிட்டே இருந்தாங்க. ரோலர் வேலையை லாரிச் சக்கரமே பாத்துச்சு. 10 மாசத்துல 7 லட்சம் டன் கல்னு கணக்கு சொல்றாங்க. போர்னதும் நமக்குத் துப்பாக்கி பிடிச்ச ஆள்தான் கண்ணுக்கு வருவார். எனக்கு இப்ப சவல் பிடிச்ச நடுவயசுக்காரர்தான் வர்றார்.

அந்த ரோடு இப்ப வழுவழு தார். 2000-களில் தேசிய சாலையில இருந்து மாவட்டச் சாலையா மாத்தினப்போ டி 1916-னு நம்பர் கொடுத்தாங்க. சாலை நம்பரே வருஷம். கிலோமீட்டருக்கு ஒரு கல், ஒவ்வொரு கல் தலையிலயும் ராணுவ ஹெல்மெட். கார், டிரக் எல்லாம் வேகமா வரும், அதனால அதுலயே முழுசா ஓட்டாதீங்க. பக்கத்துலயே வெள்ளை ஜல்லி போட்ட டிராக்டர் பாதைகள் வயலுக்குள்ள போகுது. நான் பெரும்பாலும் அதுலதான் ஓட்டினேன், ஊர் வர்றப்போ மட்டும் மெயின் ரோட்டுக்கு ஏறி இறங்கினேன். சூயின்னு ஒரு ஊர்ல பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி ஒரு கட்டடம் இருக்கு, அதுதான் ஜெனரல் பெட்டேனோட தலைமையகம். அந்தப் படிக்கட்டுல நின்னு பட்டாளம் போறதையும் திரும்புறதையும் பார்த்தவர். பிரான்ஸைக் காப்பாத்தின ஹீரோன்னு கொண்டாடப்பட்ட அதே மனுஷன் 1940-ல ஹிட்லரோட கைகுலுக்கினார். அந்தப் படிக்கட்டு முன்னாடி நிக்கிறப்போ என்ன நினைக்கணும்னே தெரியாது.

வெர்டனைத் தாண்டி வடகிழக்குல ஏறினா காடு. நல்ல உயரமான மரம், நிழல், பறவைச் சத்தம், காலுக்குக் கீழ கெட்டியான ஜல்லிப் பாதை. கண்ணை மூடிக்கிட்டு சொல்லலாம், அருமையான கிராவல் ரூட். ஆனா பாதையை விட்டுப் பக்கவாட்டுல பாருங்க. ஒரு சதுர அடி சமதரை இருக்காது. முட்டை அட்டை மாதிரி குழி, மேடு, குழி, மேடுன்னு கண்ணுக்கெட்டின வரைக்கும். எல்லாம் குண்டு விழுந்த பள்ளம். அது மேல பாசியும் இலையும் மூடியிருக்கு, அவ்வளவுதான். போருக்கு முன்னாடி இது காடே இல்ல, பெரும்பகுதி வயலும் ஊரும். உழவும் முடியாது, குடியிருக்கவும் முடியாதுன்னு அரசாங்கம் 'சிவப்பு மண்டலம்'னு கோடு போட்டு நிலத்தை வாங்கி, கறுப்பு பைன் மரங்களை நட்டுச்சு. வெடிக்காத குண்டு இன்னும் உள்ள இருக்கு. சுத்துப்பட்டு விவசாயிங்க உழறப்போ இன்னிக்கும் மேல வருது, 'இரும்பு அறுவடை'னே அதுக்கு ஒரு பேர். விஷவாயுக் குண்டுகளைப் போருக்கு அப்புறம் குவிச்சு எரிச்ச ஒரு இடம் இருக்கு. மண்ணுல ஆர்சனிக் அவ்வளவு ஊறியிருக்கிறதால அங்க மரமே முளைக்கல. வேலி போட்டு மூடிட்டாங்க.

இப்ப புரியுதா, "எங்க வேணா போலாம்" ஏன் செல்லாதுன்னு? குறி போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது. துருப்பிடிச்ச இரும்பு எதையும் தொடக் கூடாது. வெடிக்கும்ங்கறது பாதி காரணம்தான். அந்த மண்ணு கல்லறை. கிடைக்காமலே போன உடம்புங்க ஆயிரக்கணக்குல அடியில இருக்கு. 2013-ல ஃப்ளெரிங்கற இடத்துல தோண்டினப்போ ஒரே இடத்துல 26 பிரெஞ்சு ராணுவத்தாரோட எலும்புகள் கிடைச்சுது. அதுல 7 பேரோட பேரைக் கண்டுபிடிச்சாங்க. சாவு நடந்து 97 வருஷம் கழிச்சு.

ஃப்ளெரி ஒரு ஊர். ஊராத்தான் இருந்துச்சு, 400 பேர் வாழ்ந்த ஊர். 1916 கோடையில ரெண்டு மாசத்துக்குள்ள 16 தடவை கை மாறிச்சு. முடிஞ்சப்போ ஒரு சுவர்கூட மிச்சமில்ல. இங்க நான் பைக்கை ஸ்டாண்ட்ல வெச்சுட்டு நடந்தேன். பள்ளங்களுக்கு நடுவுல சின்னச் சின்னக் கம்பங்கள் நட்டிருக்காங்க: இங்க பேக்கரி, இங்க மளிகை, இங்க பள்ளிக்கூடம், இங்க கொல்லர் பட்டறை. சுத்தி யாருமில்ல. இந்த மாதிரி 9 ஊர் இருக்கு, 'பிரான்ஸுக்காக உயிர் விட்ட ஊர்கள்'னு சட்டப்படி பட்டம். அதுல 6 ஊர்ல மக்கள்தொகை சைபர், ஆனாலும் மேயர் உண்டு, அரசாங்கம் நியமிக்குது. டேட்டாபேஸ்ல அந்த வரிசையை டெலீட் பண்ணல. மக்கள்தொகைக் கட்டத்துல 0 போட்டு அப்படியே வெச்சிருக்காங்க. டிசைன்னு பாத்தா வீண் வேலை. எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடியே என் ஃப்ரெண்ட் ஒருத்தன் கேட்டான்: "மச்சான், சுடுகாட்டுல போய் சைக்கிள் ஓட்டப் போறியா?" வரவும் மாட்டேன்னுட்டான். கேள்வி நியாயமானது. டூஓமோன்ல எலும்புக் காப்பகம்னு ஒரு பெரிய கட்டடம், 1932-ல திறந்தது. அடையாளம் தெரியாத 1,30,000 பேரோட எலும்பு அதுக்குள்ள. பிரெஞ்சு, ஜெர்மன்னு பிரிக்கல, பிரிக்கவும் முடியாது. பின்பக்கம் தரையோட ஒட்டின சின்ன ஜன்னல் வழியாப் பார்க்கலாம். முன்னாடி சரிவுல வெள்ளைச் சிலுவைகள், முஸ்லிம் வீரர்களுக்கு மெக்காவைப் பார்த்த தனிக் கல்லறைகள். அதுக்குப் பக்கத்துல லைக்ரா போட்டு, வியர்வையோட, சராசரி வேகம் பாக்கறது... யோசிக்க வைக்கும்தான்.

அவனுக்குப் பதிலா நான் சொன்ன கதை 1919. போர் முடிஞ்சு ஆறே மாசம் ஆகல. 'லெ பெத்தி ஜூர்னல்'ங்கற பத்திரிகை ஒரு சைக்கிள் ரேஸ் அறிவிச்சுது. பேரே 'போர்க்களச் சுற்று'. ஸ்ட்ராஸ்பூர்க்ல ஆரம்பிச்சு, பெல்ஜியம், பாரிஸ், பார்-ல-டியுக் எல்லாம் சுத்தி மறுபடி ஸ்ட்ராஸ்பூர்க். 7 கட்டம், சுமார் 2,000 கிலோமீட்டர். பாலம் இல்ல, ரோடு இல்ல, தங்க ஊரே இல்லாத நிலம், மேல ஆலங்கட்டி மழை. பிரஸ்ஸல்ஸ் டு அமியான் கட்டத்தை ஜெயிச்சவருக்கே 18 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. 87 பேர் கிளம்பி 21 பேர் முடிச்சாங்க, ஜெயிச்சது சார்லஸ் டெருய்ட்டர். ஓட்டினவங்கள்ல பலர் கொஞ்ச மாசம் முன்னாடி வரைக்கும் பட்டாளத்துல இருந்தவங்க. 1909, 1910 டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச ஃபாபேர், லாபீஸ் ரெண்டு பேருமே போர்ல செத்துட்டாங்க. பத்திரிகை விக்கத்தான் நடத்தினாங்க, அதுல சந்தேகமே இல்ல. கட்டம் கட்டமா நடந்தது அந்த ஒரு தடவைதான்.

"அப்ப அதுவும் தப்புதான்"னான் அவன். நான் ஒத்துக்கல, இப்பவும் ஒத்துக்க மாட்டேன். கார்ல வர்றவங்க பார்க்கிங்ல இறங்கி, காப்பகம் பார்த்துட்டு, அடுத்த பார்க்கிங்குக்குப் போயிடறாங்க. அந்தக் குழி மேடு நிக்காமப் பத்து கிலோமீட்டருக்குப் போகுதுங்கறது கார்ல தெரியாது. நடந்தா அவ்வளவு தூரத்துக்கு நேரம் நிறைய ஆகும். சைக்கிள் வேகத்துலதான் எனக்கு அந்த அளவு உறைச்சுது. ஆனா அவன் சொன்னதுல பாதியை எடுத்துக்கிட்டேன். காட்டுக்குள்ள ஸ்ட்ராவாவை ஆஃப் பண்ணிட்டேன். கோட்டை ஏத்தத்துல வேகப் பட்டியல் போடறது எனக்கு அருவருப்பாத்தான் இருக்கு, அது யார் வேணா போட்டுட்டுப் போகட்டும். கல்லறைக்குப் பக்கத்துலயும் ஃப்ளெரியிலயும் நடை மட்டும்தான். நம்ம புதுச்சேரி கடற்கரைச் சாலையில பிரெஞ்சு இந்தியாவுல இருந்து போய் அந்தப் போர்ல செத்தவங்களுக்கு நினைவிடம் இருக்கே, அதைச் சுத்தி ரவுண்டு அடிச்சு டைம் பாப்பீங்களா? அவ்வளவுதான் விஷயம்.

போறவங்களுக்கு: பாரிஸ்ல இருந்து வேக ரயில் நிக்கிற மியூஸ் டிஜிவி ஸ்டேஷன் வயல் நடுவுல, அந்தப் புனிதப் பாதை ஓரத்துலயே இருக்கு. இறங்கி ஓட்ட ஆரம்பிச்சுடலாம். சைக்கிளைக் கழட்டிப் பையில போடணுமாங்கறதை டிக்கெட் போடறப்பவே பாத்துக்கோங்க. பனி உருகற மார்ச் வேண்டாம், களிமண் பிரேக் வரைக்கும் ஏறி அடைச்சுக்கும். இலையுதிர் காலத்துல வேட்டை நாள் எதுன்னு ஊர்ல விசாரிச்சுட்டுப் போங்க. ரூட் ஃபைல் கேட்டவங்களுக்கு வயல் பாதை வரைக்கும் லிங்க் தர்றேன். காட்டுக்குள்ள நான் ஓட்டின தடத்தைத் தர மாட்டேன். அங்க பாதையை மூடுவாங்க, மாத்துவாங்க. போர்டுல என்ன போட்டிருக்கோ அதுதான் ரூட்.