போர்வையின் பாரமும் உறக்கத்தின் நலமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே படித்து, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் யான் போர்வையைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும் போர்வை தமிழுக்குப் புதிய பொருளன்று. பழனி மலைப் பகுதியை ஆண்ட வள்ளல் பேகன், மயில் குளிரால் நடுங்கிற்று என்று கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தான். மயிலுக்குப் போர்வை வேண்டுமா என்று அவன் ஆராயவில்லை. சான்றோர் அதனைக் கொடைமடம் என்று போற்றினர். கொடுப்பவர் ஆராயாது கொடுத்தால் அது புகழ். வாங்குபவர் ஆராயாது வாங்கினால் அது வெறும் மடமேயன்றி வேறில்லை.

இதனை இங்குக் கூறக் காரணம் உண்டு. அண்மைக் காலமாக நம் காலனியில் ‘எடைப் போர்வை’ என்னும் பொருளைப் பற்றிய பேச்சு மிகுந்துள்ளது. சிறு சிறு அறைகளாகத் தைத்து, அவற்றுள் கண்ணாடி மணிகளை நிரப்பி, ஐந்து கிலோ, ஏழு கிலோ, ஒன்பது கிலோ எனப் பாரமேற்றி விற்கப்படும் போர்வை இது. ‘போர்த்தியவுடன் உறக்கம் வரும்’ என்று விளம்பரம் கூறுகின்றது. உறக்கத்திற்கு ஏங்குவோர் நம்மிடையே பலர் உளர். இரவுப் பணி முடித்து வரும் ரயில்வே தொழிலாளர், மருத்துவமனைச் செவிலியர், அயல்நாட்டு நேரத்திற்கு வேலை செய்யும் கணினித் துறை இளைஞர் ஆகியோர் பகலில் கண் மூட முயன்று தோற்கின்றனர். சிக்னலைப் பார்க்கும் கண் அயர்ந்தால் கெடுவது ஒருவர் நலம் மட்டுமன்று. ஆதலின் இப்பொருளைப் பற்றி உண்மையை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

அழுகின்ற குழந்தையின் முதுகில் தாய் தன் கையை மெல்ல வைத்தால் குழந்தை அடங்குகின்றது. உடலின்மேல் பரவலாகப் படியும் இதமான அழுத்தம் நரம்புகளின் படபடப்பைத் தணிக்கின்றது என்பதே எடைப் போர்வையின் அடிப்படைக் கருத்து. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார், ஆட்டிசம் உடையவர், மாடுகளை அசையாமல் நிறுத்தும் அழுத்துக் கூண்டைப் பண்ணையில் கண்டு, 1960களில் தமக்கென அத்தகைய கருவி ஒன்றை அமைத்து மன அமைதி பெற்றார். இக்கருத்துப் பரவ அவரது அனுபவமும் துணை செய்தது.

இனி ஆராய்ச்சிகள் கூறுவதைக் காண்போம். சுவீடன் நாட்டில் மனநோயோடு உறக்கமின்மையும் கொண்ட 120 பேரைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு 6 முதல் 8 கிலோ வரையுள்ள போர்வையும், மற்றவர்க்கு 1.5 கிலோ போர்வையும் நான்கு வாரங்களுக்குத் தரப்பட்டன. பாரப் போர்வை பெற்றவருள் நூற்றுக்கு 59 பேருக்கு உறக்கமின்மையின் கடுமை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மற்றப் பிரிவில் அவ்வாறு குறைந்தவர் நூற்றுக்கு ஐவரே. ஆனால் 2014இல் பிரிட்டனில் ஆட்டிசம் உடைய 67 சிறுவர்களிடம் நடந்த ஆய்வு, அவர்கள் உறங்கிய நேரம் கூடவில்லை என்று காட்டிற்று. எனினும் சிறுவரும் பெற்றோரும் அப்போர்வையையே விரும்பினர். மேலும், பாரத்தைப் போர்த்தியவர் தாமே உணர்வர் ஆதலால், நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, போர்வையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று. எனவே இது சிலருக்கு ஆறுதல் தரும் துணையாகும். எல்லார்க்கும் ஏற்ற மருந்தாகாது.

இங்கு மற்றொன்றையும் நினைத்தல் நன்று. நாம் வாழும் இக்கன்னட நாடு பாரமான போர்வையை நெடுங்காலமாக அறிந்த நாடு. தக்காண ஆட்டின் முரட்டு ரோமத்தை நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சி தோய்த்து, குழித்தறியில் குறும்பர் குலத்தார் நெய்யும் கருங்கம்பளி புகழ் பெற்றது. சித்திரதுர்க்க மாவட்டத்துச் சள்ளகெரே இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். நாமும் கம்பளி என்கிறோம், கன்னடியரும் கம்பளி என்கின்றனர். வடகர்நாடகப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் ‘கௌதி’யும் கனமுள்ளதே. ஆகவே பெரும்பணம் கொடுத்து வாங்குமுன், வீட்டிலுள்ள இரண்டு மூன்று கம்பளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். பாரம் உங்களுக்கு இதமளிக்கின்றதா, புழுக்கமளிக்கின்றதா என்பது செலவின்றியே விளங்கிவிடும்.

வாங்கத் துணிந்தால், எடையறிந்து வாங்க வேண்டும். பார்சல் அலுவலகத்தில் நாங்கள் எடை பாராமல் ரசீது எழுதுவதில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 கிலோ போதுமானது. பாரம் கூடினால் பயனும் கூடும் என்று எண்ணுதல் தவறு. படுத்த நிலையில், எவர் உதவியும் இன்றி, ஒரு கையால் விலக்கக்கூடியதே தக்க போர்வை. சித்திரை, வைகாசி மாத வெப்பத்தில் பருத்தி உறையிட்டதைக் கால்களின்மேல் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

தாய்மார்கள் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். கைக்குழந்தைக்குப் பாரமேற்றிய போர்வையோ, துணிச்சுற்றோ, உடையோ ஒருபோதும் ஆகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் இதனைத் தெளிவாக விலக்கியுள்ளது. மார்கழிக் குளிருக்குப் பொருந்திய உடை அணிவித்தலே போதும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008இல், பள்ளியில் எடைப் போர்வையால் சுற்றப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மூச்சடைத்து இறந்தான். எனவே சிறுவர்க்கு மருத்துவர் சொல்லாமல் இதனைத் தரலாகாது, முகத்தை மூடலாகாது, தண்டனையாகவோ அடக்கும் கருவியாகவோ பயன்படுத்தவே கூடாது. ஆஸ்துமா, வலிப்பு, இரத்த ஓட்டக் குறைவு உள்ளவரும், தாமே போர்வையை விலக்க வலுவற்ற முதியவரும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உரத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று திணறுதலும் உள்ளவர்க்குப் போர்வை தீர்வாகாது. அவர்கள் மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்வது உயிரைக் காக்கும் செயலாகும்.

இறுதியாகப் பராமரிப்பு. மணிகள் நிறைந்த போர்வைக்குக் கழற்றக்கூடிய உறை இட்டு, அவ்வுறையை அடிக்கடி துவைப்பதே எளிது. முழுப் போர்வையையும் துவைக்க நேர்ந்தால் அதன் சீட்டிலுள்ள குறிப்பைப் படியுங்கள். நனைந்தபின் பாரம் மிகுந்து சலவை இயந்திரம் பழுதாகலாம். தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். சலவைத் தூள் காரமும் வெந்நீரும் இஸ்திரியும் வேண்டா. கொடியில் தொங்கவிட்டால் பாரம் ஒரு பக்கம் இழுத்துத் தையல் விடும். பரப்பிப் போட்டு உலர்த்துங்கள். தையல் பிரிந்தால் உடனே தைத்துவிடுங்கள். சிந்திய மணி குழந்தையின் வாய்க்குள் போகலாம்.

கம்பளியை அடிக்கடி துவைத்தல் தேவையில்லை. நன்றாக உதறி, இளவெயிலில் காற்றாட விடுங்கள். துவைக்க வேண்டின் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் நன்று. வெந்நீரும் கசக்குதலும் ரோமத்தைச் சுருக்கிவிடும். முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வடித்து, நிழலில் பரப்புங்கள். ஈரம் முற்றும் உலர்ந்தபின்பே பெட்டியில் வைக்க வேண்டும். அந்துருண்டை இட்டிருந்தால், எடுத்த அன்றே போர்த்தாமல் வாசனை போகும்வரை காற்றில் விடுங்கள். அதன் ஆவி சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இயல்புடையது.

அன்பர்களே! போர்வை செய்யக்கூடியது சிறு உதவியே. மற்றவை நம் கையில் உள்ளன. படுக்குமுன் கைப்பேசியை அணைப்போம். மாலைக்குப் பின் காப்பியைக் குறைப்போம். பகலில் உறங்கும் இரவுப் பணியாளர் வீட்டின்முன் ஒலிபெருக்கியின் ஓசையைத் தாழ்த்துவோம். இந்த ஆண்டு நம் காலனியார் இம்மூன்றாவது செயலையேனும் மேற்கொண்டால், அதுவே இரவுப் பணி செய்யும் உடன்பிறப்புகளுக்கு நாம் அனைவரும் சேர்ந்து வழங்கும் போர்வையாகும்.