பிள்ளைகள் கையில் கணக்கு நோட்டு
(ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)

"பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க சார், அப்புறம் டிபன்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வங்கி கவுண்ட்டரில் காலம் தள்ளியவன் நான். வரிசை நீண்டால் என்ன ஆகும் என்று தெரியும்.

என் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். படிப்பை விட்டுவிட்ட கிராமத்து இளைஞர்களை ஒன்றுசேர்க்க மத்திய அரசு 1972-ல் நேரு யுவ கேந்திராவைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் இளைஞர் நற்பணி மன்றங்கள் இருந்தன. எங்கள் ஊர் மன்றத்துக்குச் சொத்து ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு வாலிபால், தினமும் ஒரு செய்தித்தாள். நான் பி.காம். முதல் வருடம். "காமர்ஸ் படிக்கிறவன்" என்று என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

அந்தப் பொங்கல் விளையாட்டு விழாவுக்கு வீடு வீடாக ஏறி இறங்கி 412 ரூபாய் வசூலித்தோம். இரண்டு ரூபாய் கொடுக்கும் வீட்டில் இருபது கேள்வி கேட்பார்கள். போன வருஷக் காசு என்ன ஆச்சு, உறியடி எங்கள் தெருவில் ஏன் இல்லை என்று. முகம் சுளிக்காமல் பதில் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது.

விழா முடிந்து பார்த்தால் 38 ரூபாய் உதைத்தது. மைக் செட்டுக்கும் வண்டிக் கூலிக்கும் ரசீது வாங்காமல் கொடுத்திருந்தேன். எவ்வளவு என்று எனக்கே நினைவில்லை. "நான் போட்டுடறேன், சத்தமில்லாம முடிச்சிடு" என்றார் அப்பா. மன்றத் தலைவர் எட்டாவதோடு நின்ற தையல்காரர். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்பா காசு போட்டா கணக்கு நேராயிடும் தம்பி. அப்புறம் உன்கிட்ட ஊர்க்காசை யார் குடுப்பா? உள்ளதை உள்ளபடி கூட்டத்துல படி."

படித்தேன். கால் நடுங்கியது. "காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ரசீது இல்லாமல் பணம் இல்லை, எதற்கும் இருவர் கையெழுத்து என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். ஆனால் என்னை மாற்றவில்லை. அடுத்த வருடமும் நானே பொருளாளர்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் மாலை கேஷில் 100 ரூபாய் குறைந்தது. மறைக்கத் தோன்றவில்லை. நேராக ஹெட் கேஷியரிடம் போய்ச் சொன்னேன். பணம் என் கையிலிருந்துதான் போனது, அது வேறு விஷயம்.

பிற்பாடு கிராமக் கிளையில் இருந்தபோது மன்றத்துப் பையன்கள் கணக்கு தொடங்க வருவார்கள். விதிமுறை நகல், தீர்மான நகல், யார் யார் கையெழுத்து என்று எல்லாம் கேட்போம். ஒரு பையனை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். நாலாவது தடவை அவன் கொண்டுவந்த தீர்மானத்தை நம் சங்கத்துக்கே மாதிரியாக வைக்கலாம்.

மன்றம் என்றாலே தங்கம் என்று சொல்ல மாட்டேன். சில மன்றங்கள் கட்சிக்கொடி கட்டிக்கொண்டன, சில ஒரு தெருவைத் தாண்டவில்லை. எங்கள் மன்றத்தில் பெண் பிள்ளை ஒருவர்கூட இல்லை. அது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவும் இல்லை.

இங்கே நம் பிள்ளைகள் மேடையேறி அழகாகப் பேசுகிறார்கள். ஆனால் தண்ணீர் லாரி முதல் விழாப் பந்தல் வரை எல்லாம் நாமே பார்த்துக்கொள்கிறோம். பிறகு பொருளாளர் பதவிக்கு ஆள் இல்லை என்று வருடா வருடம் புலம்புகிறோம்.

அதனால் ஒரு கோரிக்கை. வரும் பொங்கல் விழாவை 15 முதல் 25 வயதுக்குள் உள்ள நம் பிள்ளைகளிடம், ஆண் பெண் இருவரிடமும், பணத்தோடு ஒப்படைப்போம். வசூல் அவர்களே செய்யட்டும். கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். 500 ரூபாய் உதைத்தால் பெற்றோர் அன்றிரவே ஜிபே செய்துவிடாதீர்கள். அதை அவர்களே கூட்டத்தில் படிக்கட்டும். நாமும் அந்தப் பெரியவர் மாதிரி கேட்காமல் இருப்போம்.

நோட்டும் ரசீதுப் புத்தகமும் வாங்கி செக்யூரிட்டி அறையில் வைத்திருக்கிறேன். விருப்பம் உள்ள பிள்ளைகள் நோட்டின் முதல் பக்கத்தில் பெயர் எழுதலாம். டிபன் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.